மதலைமுத்துவின் மயில் தோகை விரித்த கோடை

தண்ணீர் வீணாவதைத் தடுக்க மைசூரில் பாடுபட்டவர்கள் பலர். அவர்களுள் அதிகத் தண்ணீரை வீணடித்தவர் என்ற பெருமை ஓவியர் மதலைமுத்து ஒருவருக்கே உரியது. முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டிய வாழ்க்கை அது.

அரசு அலுவலகம் ஒன்றில் விளம்பரத் தட்டி வரைவது அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக 'நீரைச் சேமியுங்கள்' என்று கன்னடத்தில் எழுதி, பக்கத்தில் கண்ணும் மூக்கும் வைத்த நீர்த்துளி ஒன்றை அழவைத்துக்கொண்டிருந்தார்.

"துளியே அழுதா அதுவும் தண்ணி வேஸ்ட்தானே?" என்று அவர் மனைவி மரியபுஷ்பம் ஒருமுறை கேட்டார். மரியபுஷ்பம் நர்ஸ், எதையும் கிருமி பார்ப்பதுபோல்தான் பார்ப்பார். இவளாவது பார்த்தாளே என்று மதலைமுத்துவுக்கு அன்று சந்தோஷம். அந்தத் தட்டிகளை வேறு யாரும் பார்த்ததற்கு ஆதாரமில்லை. ஆடுகள் உரசிக்கொள்ளும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் நிழல் தேடி அதன் முதுகுப் பக்கம் போய் நிற்பார்கள். தான் செய்த ஒன்றை நாலு பேர் நின்று பார்க்க வேண்டும்: ஓய்வு பெற ஐந்து வருடம் இருந்த அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றே.

1996 கோடையில் அவர் விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பினார். அவர் தெருவின் கீழ்க்கோடியில் ஒரு பொதுக்குழாய். காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் தண்ணீர் வரும். குடம் நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போவார்களே தவிர, குழாயை மூடுவது கௌரவக் குறைச்சல் என்று தெருவே நினைத்தது. மதலைமுத்து குழாயடியில் ஒரு தகரச் சக்கரம் பொருத்தினார். குடம் இருந்தால் தண்ணீர் குடத்தில் விழும். குடம் இல்லாமல் வீணாக ஓடினால் சக்கரத்தில் விழும். சக்கரம் சைக்கிள் டைனமோவைச் சுற்றும். டைனமோ, மேலே நிற்கும் தகர மயிலின் தோகையில் பன்னிரண்டு சின்ன பல்புகளை எரியவைக்கும். தோகை மெல்ல விரியும். கூடவே, அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கூவிய காலிங்பெல்லிலிருந்து கழற்றிய ஒரு பறவைச் சத்தம். கரண்டு இணைப்பு கிடையாது. வீணாகும் தண்ணீரே தன்னைப் பற்றிப் புகார் சொல்லும். தெரு வெட்கப்பட்டு ஓடிவந்து மூடும் என்பது திட்டம்.

தெரு ஓடித்தான் வந்தது.

"பாரு கண்ணா, நவிலு ஆடுது! இந்த வாய் வாங்கிக்கோ, இன்னொரு தரம் ஆடும்" என்று மயிலைக் காட்டிக் காட்டிக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். "ஞாயித்துக்கிழமை லைட்டு பாக்க அரண்மனைக்கு யாரு போறது, இங்கயே இருக்கே!" என்றார்கள். யாராவது பொறுப்பாகக் குழாயை மூடினால், "ஏன்ரீ, ஆடிக்கிட்டு இருக்குறத ஏன் நிறுத்தறீங்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். மதலைமுத்து மாலைதோறும் கூட்டத்தின் பின்வரிசையில் சம்பந்தமில்லாதவர்போல் நின்றார். இருபத்திரண்டு வருட பாக்கி ஒரே மாதத்தில் கிடைத்தது.

மாநகராட்சி என்ஜினியர் நஞ்சுண்டசாமி நேரில் வந்து, நீர்ச் சிக்கனம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். போட்டோக்காரருக்காக அந்த நாற்பது நிமிடமும் குழாய் திறந்தே இருந்தது. "சக்கத்தா இருக்கு ஸ்வாமி, பிரமாதம்! பத்து வார்டுக்கு ஒண்ணொண்ணு ஆர்டர் போடறேன்" என்று கையைக் குலுக்கினார்.

தெரு மேட்டை நோக்கி ஏறுவது. கீழே குழாய் திறந்திருந்தால் மேட்டு வீடுகளின் குழாயில் காற்றுதான் வரும். மேட்டுக்கோடியில் பொன்னம்மாவின் வீடு. தமிழ்நாட்டு எல்லையோர மார்டள்ளிப் பக்கத்துக்காரர், மரியபுஷ்பத்தின் ஆஸ்பத்திரியில் ஆயா. வீட்டில் கணவர் படுத்த படுக்கை. ஒருநாள் பொன்னம்மா மதலைமுத்துவின் வாசலில் வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க மயிலு ஆடுறப்பெல்லாம் எங்கூட்டுக்குத் தண்ணி வர்றதில்லீங்க. அவருக்கு ஒடம்பு தொடைக்கக்கூட மேலயும் கீழயும் நடக்க வேண்டியிருக்குதுங்க."

அவர் போனதும் மரியபுஷ்பம் தீர்ப்பு சொன்னார்: "மயிலைக் கழட்டிட்டு ஒரு காக்கா வைங்க. அசிங்கமா இருக்கணும். காது கிழியக் கத்தணும்."

மதலைமுத்து அசிங்கமான காக்கையில் இறங்கினார். நாலாம் நாள் அதன் கழுத்தில் ஒரு நீல மினுமினுப்பு வந்துவிட்டது. தலையைச் சாய்த்துப் பார்க்கும் பார்வை ஒன்றும் தானாக அமைந்தது.

"இதுக்கு இன்னும் கூட்டம் வரும்" என்றார் மரியபுஷ்பம்.

"என்ன செய்ய புஷ்பா, கை அப்படியே போகுது."

"கையைச் சொல்லாதீங்க. நீங்க நாளைக்கே கழட்டணும்."

அந்த நாளை வர மூன்று வாரமானது. ஆர்டர் வரட்டும் என்றார். பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்றார். மூன்று வாரமும் பொன்னம்மா இரண்டு குடத்தோடு ஏறி இறங்கினார். கூட்டம் கலைந்தபின் வந்து, கடைசியில் பிடித்துப் போனார். பிற்பாடு மதலைமுத்து தன் வாழ்நாளில் வேறெதையும்விட அந்த மூன்று வாரத்தைப் பற்றியே அதிகம் பேசினார்.

ஒரு திங்கட்கிழமை விடிகாலை ஸ்பேனரோடு குழாயடிக்குப் போனார். ஆளில்லை. ஒரே ஒரு தரம் என்று திறந்துவிட்டார். மயில் விரிந்தது. பின்னால் குடம் இடிபடும் சத்தம். பொன்னம்மா.

மதலைமுத்து அவசரமாகத் திரும்பினார். "அது... கழட்டத்தான் வந்தேன்."

"பரவால்லீங்க, பாருங்க. நான் நிக்கறனுங்க."

"நீங்க பாத்திருக்கீங்கல்ல?"

"எங்கீங்க. நான் வர்றப்ப எல்லாரும் போயிருப்பாங்க, தண்ணியும் நூலாத்தான் வரும். நான் வந்ததும் குடத்த வச்சிருவேன். அப்பறம் அது எப்படிங்க ஆடும்?"

தெருவில் அதைப் பார்க்காத ஒரே ஆள். பொன்னம்மா குடங்களை இடுப்பிலிருந்து இறக்காமலே பார்த்தார். பல்புகள் எரிந்தன, பறவை கூவியது. முகத்தில் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. சட்டென்று குடங்களை இறக்கிவிட்டுக் குனிந்து குழாயை இறுக்கி மூடினார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மனசு கேக்கலீங்க, அத்தனை தண்ணி."

அந்த இயந்திரம் திட்டமிட்டபடி வேலை செய்தது அந்த ஒரே ஒரு முறைதான்.

பொன்னம்மா தண்ணீர் பிடித்துப் போனபின் மதலைமுத்து ஸ்பேனரை எடுத்தார். ஜூனில் பத்து மயில்களுக்கு ஆர்டர் வந்தது. வடிவமைப்பில் குறை இருப்பதால் செய்ய இயலாது என்று பதில் எழுதினார். குறையின் தன்மை யாது என்று திரும்பக் கேட்டார்கள். 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்று எழுதி அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை.

குழாய் பழையபடி யாரும் பாராமல் ஓடியது. ஆனாலும் வேடிக்கைக்காரர்கள் போனதில் மேட்டு வீடுகளுக்குப் பாதிக் குடமாவது வந்தது. மயில் அவர் வீட்டு பீரோவின் மேல் இருந்தது. சனிக்கிழமைதோறும் மரியபுஷ்பம் தூசி தட்டுவார். துணி பட்டுச் சக்கரம் லேசாகச் சுழன்றால் ஒன்றிரண்டு பல்பு மினுக்கும். மதலைமுத்து அப்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.