வாளியில் எரிந்த கடதாசி

ஒருவரைக் கொன்று, அந்தப் பழியை இன்னொருவன் தலையில் போட்டவன் எப்படித் தூங்குவான் என்று நினைக்கிறீர்கள்? புரண்டு புரண்டு படுப்பான் என்கிறீர்களா? ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மத்தியானம் வந்து பாருங்கள். தில்லைநாதன் சாப்பிட்டு முடித்து, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி தூங்குவார். ஈ மொய்த்தாலும் எழும்பமாட்டார்.

முன்பு அப்படி இல்லை.

தில்லைநாதனுக்கு அறுபத்தொரு வயது. தகப்பன் யாழ்ப்பாணத்து வரணியிலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து காடு வெட்டியவர். மூன்று ஏக்கர் வயல் மகனுக்கு வந்தது. கடைசிப் போரில் எல்லாவற்றையும் விட்டு ஓடி, முகாமில் இருந்து திரும்பியபோது வயலில் பற்றை ஆளுயரம் நின்றது. அதை வெட்டி மறுபடி வயலாக்கியவர் கணபதி. மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. வரம்பு கட்டியதும் களை பிடுங்கியதும் சூடடித்ததும் அவர்தான். இத்தனை வருடம் உழைத்தும் தில்லைநாதன் வீட்டில் கணபதிக்குத் தேத்தண்ணி முற்றத்தில், தனிக் கோப்பையில். இந்த விஷயத்தில் போர் எதையும் மாற்றவில்லை.

கணபதியின் மகள் ராஜினி. அவள் கணவன் சுமன், தில்லைநாதனின் வயலுக்குப் பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்தான்.

கதிர் முற்றினால் யானை வரும். யானைவேலி கேட்டு ஊர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராது. அதனால் சிலர் பொழுதுபடும் நேரம் வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து, நீண்ட தடியால் கொக்கியை வீதி மின்கம்பியில் மாட்டுவார்கள். விடியுமுன் கழற்றுவார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

போன வருடம் தை மாதத்தில் ஒருநாள் தில்லைநாதன் தன் வயலுக்குக் கொக்கியை மாட்டிவிட்டுக் குடித்தார்; அதைக் கழற்ற விடிந்தும் எழும்பவில்லை. மருமகனின் வயலில் நின்ற தண்ணீரை வெட்டிவிட மண்வெட்டியோடு போன கணபதி, இரண்டு வயலுக்கும் நடுவரம்பிலேயே கருகிக் கிடந்தார். முதலில் கண்டவர் தில்லைநாதன். கத்தவில்லை. கொக்கியைக் கழற்றினார். கம்பியைச் சுருட்டினார். சுமனின் காவல் கொட்டிலுக்குள் பாய்க்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கால் கழுவினார்.

"யாற்ற கம்பி?" என்று பொலிஸ் கேட்டது.

"எனக்குத் தெரியாது சேர். அவங்கள் உப்பிடித்தான், சொன்னாலும் கேளாங்கள்."

வயல்காரர் சொல்லிவிட்டார். கூலிக்காரனின் மருமகன் சொன்னதை யார் எழுதுவார்? மாமனைக் கொன்ற மருமகனாகச் சுமன் சிறைக்கு, விளக்கமறியலுக்குப் போனான். ராஜினிக்கு ஒரே கம்பியில் தகப்பனும் போனார், கணவனும் போனான்.

அதன்பிறகு தில்லைநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்று வாளியின் இரும்புப் பிடியைத் தொடப் பயந்தார். வைரவருக்குப் பொங்கினார். சாராயத்தை இரட்டிப்பாக்கினார். ஒன்றும் உதவவில்லை. கடைசியில் மனைவி இரஞ்சிதம் அவரைத் தகரக் கூரை போட்ட ஜெபமண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே பாஸ்டர் மதுசன் அவர் தலையில் கை வைத்து, "உங்கட பாவம் எவ்வளவு சிவப்பாய் இருந்தாலும் ஆண்டவர் கழுவிப்போடுவார்" என்றார். தில்லைநாதன் ஒரு மணிநேரம் அழுதார். அன்று தூங்கினார். குடியை விட்டார். இதில் பொய் இல்லை. பாரம் உண்மையாகவே இறங்கியது. எங்கே இறங்கியது என்பதுதான் கேள்வி.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. குளத்தில் ஞானஸ்நானம் எடுத்து வந்தவர், தன் பாவத்தைக் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்து, சபைக்கு முன் வாசித்து, நெருப்பு எரியும் தகரவாளியில் போடவேண்டும். தில்லைநாதனின் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ராஜினிக்கும் ஆள் அனுப்பியிருந்தார். அவள் முன்வரிசையில் இருந்தாள்.

"கணபதியைச் சாக்காட்டினது என்ர கம்பி" என்று ஈர வேட்டியோடு தில்லைநாதன் வாசித்தார். "அதைச் சுமன்ர கொட்டிலுக்கை ஒளிச்சதும் நான்தான். இயேசப்பா என்னை மன்னிச்சிட்டார்."

அறுபது பேர் கைதட்டினார்கள். அவர் வந்து ராஜினியின் காலில் விழுந்தார்.

"நீயும் மன்னிச்சிடு பிள்ளை."

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "எழும்புங்கோ ஐயா. பதினெட்டாம் திகதி கோட்டில வழக்குத் தவணை. அங்க வந்து இதைச் சொல்லுவியளோ?"

தில்லைநாதன் பாஸ்டரைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஆண்டவரே மன்னிச்சதை மனுசர் கிண்டக் கூடாது" என்றார் பாஸ்டர்.

"செத்தது என்ர அப்பா. மறியல்ல கிடக்கிறது என்ர மனுசன். ஆண்டவருக்கு இதில என்ன போனது, அவர் முந்திக்கொண்டு மன்னிக்க?"

"சாத்தான் பேசுது" என்றாள் பின்னால் இருந்த சிவலட்சுமி.

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியுமெண்டால் அவரையே கோட்டுக்கு வரச்சொல்லுங்கோ பாஸ்டர். முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நான் ரிக்கற் எடுக்கிறன்."

ஓரிருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். ராஜினி எழுந்து தில்லைநாதனுக்கு முன்னால் கையை நீட்டினாள். இப்போது குரல் தணிந்திருந்தது.

"சரி, நீங்கள் வரவேண்டாம் ஐயா. அந்தக் கடதாசியை மட்டும் தாங்கோ. தந்தியளெண்டால் இந்தச் சனத்துக்கு முன்னால இப்பவே மன்னிக்கிறன்."

நெருப்புவாளிக்கும் அவள் கைக்கும் இடையில் இரண்டடி. அவர் கடதாசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இது ஆண்டவருக்கு எழுதினது, பிள்ளை."

கடதாசி வாளிக்குள் விழுந்தது. கீபோட் வாசிக்கத் தொடங்கினார்கள். அவள் குனிந்து கையை விட்டாள். விரல் நுனிகள் வெந்ததுதான் மிச்சம்.

"வயசுபோன மனுசன் காலில விழுந்தும் இரங்காத கல்நெஞ்சுக்காரி" என்று வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பேசினார்கள். யாரோ அவளுக்கும் ஒரு சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள்.

மறுநாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். குற்றஞ்சாட்டப்பட்டவனின் மனைவி சொல்வது போதாது, கேட்டவர்கள் யாராவது வரட்டும் என்றார்கள். வீடு வீடாகப் போனாள். ஒருவருக்குக் காது மந்தமாம். ஒருவர் அப்போது கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாராம். தில்லைநாதன் மட்டும் கனிவாகப் பேசினார். "சுமனுக்காக நான் ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறன் பிள்ளை." பிறகு சாய்மனைக் கதிரைக்குப் போனார்.

கடவுள் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது; அந்த வழக்கில் நான் தீர்ப்பாளன் அல்ல. ஆனால் செய்தவன் தூங்க, செய்யாதவன் மறியலில் விழித்திருக்கிறான். அறுபது பேரின் மௌனத்தில்தான் அந்தத் தூக்கம் நடக்கிறது.

அந்த அறுபது பேரில் நீங்கள் ஒருவரா? பதினெட்டாம் திகதி முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறுங்கள். அவர்களில் ஒருவரைத் தெரியுமா? கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். காதால் கேட்டதை வாயால் சொல்லுங்கள். அவ்வளவுதான். ரிக்கற் காசை ராஜினியிடம் கேட்காதீர்கள்.