பூமணியின் பாகல் பந்தலில் இருந்த ஈ

அது நல்ல ஈ. தெரிந்துகொண்டே அதைக் கொல்ல விட்டேன். மருந்தடிக்க இன்னும் சில மணிநேரம் இருந்தது... நான் வாய் திறக்கவில்லை.

மட்டக்களப்பில் நான் விவசாயப் போதனாசிரியன். வீட்டுத்தோட்டக்காரர்கள் பூச்சிகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். நான் பெயரும் மருந்தும் சொல்வேன். கண் விழித்தால் ஈ, சோற்றில் கை வைத்தால் ஈ! அலுத்துப்போனேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்களா? பார்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அதுதான் சுடுகிறது.

பூமணி மண்டூர்க்காரி. கணவன் கட்டாரில். தனி ஆளாய்க் கம்பு நட்டு, கம்பி இழுத்து, பாகலுக்குப் பந்தல் போட்டாள். "பொம்புள போட்ட பந்தல் காய்க்குமாகா?" என்று ஊர் சிரித்ததாம். காய்த்துக் காட்டவேண்டும் என்பதே அவளுடைய ஒரே வைராக்கியம்.

முதல் பிஞ்சு இறங்கிய வாரம் அவள் ஒரு படம் அனுப்பினாள். மஞ்சளும் கறுப்புமாய் வரியோடிய சின்ன ஈ. நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. 'பழ ஈ. உடனே மருந்தடிக்கவும்' என்று எழுதினேன்.

குரல் பதிவில் பதில் வந்தது. "இல்ல சேர், இந்த ஈ காயில குத்தல்ல. இதின்ட புழு கொழுந்தில இரிக்கிற அழுக்கணவனத் தின்னுது. என்ட கண்ணால கண்டன்."

கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சியை ஈயின் புழு தின்கிறதாம்! எனக்கே பாடமா? குழு முழுக்கக் கேட்கும்படி, "படிச்ச எனக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? சொன்னதச் செய்யுங்க" என்றேன்.

"சரி சேர். நாளைக்குப் பின்னேரம் அடிக்கன்."

மறுநாள் மதியம், ஒரு வகுப்புக்காக அந்தப் படத்தை அலுவலகக் கணினியில் திறந்தேன். இறக்கையில் கறையில்லை. வால் நுனியில் முட்டை குத்தும் ஊசியும் இல்லை. பழ ஈயே அல்ல! பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, அந்த ஈ. படத்தின் மூலையில் ஒரு பச்சைப் புழு, அதன் வாயில் ஓர் அழுக்கணவன்... பூமணி கண்டதையெல்லாம் படத்திலும் சேர்த்தே எடுத்திருந்தாள்.

தொலைபேசி கையில்தான் இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் எத்தனை பேர் முன்னால் அவளை அதட்டினேன்! குழுவில் நான் போட்ட பதில்களை மட்டும் அழித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே... எனக்கு ஒரு சின்ன ஈயை மறைக்க வேண்டியிருந்தது.

அவள் சொன்னபடியே பின்னேரம் அடித்தாள். ஈக்கள் செத்தன. இலைக்கடியில் தப்பிய அழுக்கணவன் தின்ன ஆளில்லாமல் பெருகி, கொழுந்தெல்லாம் சுருண்டது. பிஞ்சுகள் வெம்பி விழுந்தன. நான் பார்க்கப் போனபோது பந்தலின் கீழே நின்றாள்.

"நாந்தான் மருந்தக் கூடக் கலந்திட்டன் போல, என்ன சேர்? ஊர் சொன்னது சரிதான்."

"இரிக்கலாம்" என்றேன்.

ஒரே சொல்! எப்படி வந்தது அது என் வாயில்? அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போதெல்லாம் பூமணி தன் கண்ணை நம்புவதில்லை. ஓர் இலை பழுத்தாலும் என்னைக் கேட்கிறாள். நேற்று ஒரு படம் வந்தது. அவளது உள்ளங்கையில் நசுங்கிய ஈ, அதே மஞ்சள் கறுப்பு வரி.

"சேர், இந்தக் கூடாத ஈயக் கண்டா இப்ப விடுறல்ல. பக்கத்து வளவுக்காரிக்கும் காட்டிக் குடுத்திட்டன். சரிதானே?"

இம்முறை பெரிதாக்கிப் பார்த்தேன். 'இது நல்ல ஈ, பூமணி' என்று எழுதினேன். அனுப்பாமலே அழித்தேன்.

பெருவிரல் உயர்த்திய படமொன்றை அனுப்பினேன்.