குச்சிக்கிழங்குத் தழையை ஆட்டுக்குப் போடலாமா?

மஞ்சுளாவுக்கு ஆடு மாடு என்றால் உயிர். எழுதவும் வரும். இரண்டும் ஒரே வேலையில் அமைந்ததைப் பூர்வபுண்ணியம் என்றார்கள் சொந்தக்காரர்கள். நாமக்கல்லில், விவசாயிகளுக்கான ஒரு இணையதளத்தில் அவளுக்கு வேலை. மற்றவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளை, கூகுளில் தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி மாற்றி எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பெரியசாமி ஒரு கட்டுரை கொடுத்தார். ‘மரவள்ளி இலையும் ஆட்டின் உயிரும்’ என்று தலைப்பு. பச்சைத் தழையில் நஞ்சு உண்டு, நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே தீவனம் என்று எடுத்த எடுப்பிலேயே அடித்துச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் இந்தத் தலைப்பைத் தேடிக்கொண்டு எந்த விவசாயி வருவான்?

நம் பக்கம் மரவள்ளி என்று யார் சொல்கிறார்கள், குச்சிக்கிழங்குதான். ‘குச்சிக்கிழங்குத் தழையை ஆட்டுக்குப் போடலாமா?’ என்று மஞ்சுளா தலைப்பை மாற்றினாள். முதல் வரியிலேயே பளிச்சென்று பதில் இருந்தால் கூகுள் அதைத் தூக்கி உச்சியில் வைக்கும். ‘போடலாம். புரதச்சத்து நிறைந்த நல்ல தீவனம்’ என்று ஆரம்பித்தாள். காயவைக்கும் சமாசாரம் கீழே, ‘கவனிக்க வேண்டியவை’ என்ற துணைத்தலைப்புக்குள் போய்ச் சேர்ந்தது. மருத்துவர் சொன்ன எதையும் அவள் வெட்டவில்லை. பிற்பாடு அதைச் சொல்லித் தன்னையே தேற்றிப் பார்த்தாள், தேறவில்லை.

பக்கம் உச்சிக்குப் போனது. முதலாளி ஈஸ்வர் ஆபீசுக்கே பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த கிழங்கு வெட்டு சமயத்தில் சேந்தமங்கலத்துச் சின்னம்மா அத்தாயியின் ஆடுகள் செத்துப்போயின. துக்கம் கேட்க மஞ்சுளா போனாள். பட்டி காலியாகக் கிடந்தது.

“தீனிக்குப் பஞ்சம் சாமி. கெழங்கு வெட்டுன தழ காட்டுல கெடந்துச்சு. பெரியவீக போடாதேம்பாங்க. எதுக்கும் கேட்டுக்கலாம்னு போன்ல மைக்க அமுக்கிப் பேசிக் கேட்டேன். போடலாம்னு சொல்லுச்சு.”

“வேறொண்ணும் சொல்லலீங்களா சின்னம்மா?”

“போடலாம்னு சொன்ன பொறவு இன்னும் என்னத்தச் சாமி கேக்கறது?”

அத்தாயி அழுதாள். மஞ்சுளாவும் அழுதாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை தன்னுடையதுதானோ என்று அவளுக்கு உடம்பு கூசியது. போன் படித்துச் சொன்ன அந்த வரியை எழுதிய கை இது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலே கிளம்பினாள்.

திரும்பும் பஸ்ஸிலிருந்தே ஈஸ்வரைக் கூப்பிட்டாள்.

“மொத வரிய மாத்தணுங்க சார். பச்சையாப் போட்டா ஆடு செத்துப்போயிரும்னு மேலயே வரணுங்க.”

“அதுதான் கீழ இருக்குதே. இப்பக் கைய வெச்சா எடம் போயிரும் மஞ்சுளா.”

“போனாப் போகுதுங்க சார்.”

அன்றே மாற்றினாள். மனபாரம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. மழைக்காலம் முடிந்து ஒருநாள், சின்னம்மா கேட்ட கேள்வியைப் போனிடம் தானே கேட்டுப் பார்த்தாள். போடலாம் என்றது போன். யாரோ முகம் தெரியாதவர்கள் நடத்தும் தளம் ஒன்று அவளுடைய பழைய பக்கத்தை எப்போதோ அப்படியே நகலெடுத்து வைத்திருந்தது. இப்போது உச்சியில் இருப்பது அதுதான். நீக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதினாள், பதில் வரவில்லை. அவள் திருத்திய பக்கம் எங்கோ அடியில் கிடந்தது. அவ்வளவு கீழே யாரும் இறங்கிப் படிப்பதில்லை என்பது அவளுக்கா தெரியாது?