வயிற்றைச் சுருக்கும் டாக்டரைப் பார்க்கப் போனேன்

எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குள் நான் நின்றால் கண்ணாடிக் கதவு மூடாது. அதனால் மதுரை ஆஸ்பத்திரியோடு நான் பேசியதையெல்லாம் வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களும் கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. எனக்கு முப்பத்தாறு வயது. ராஜபாளையத்தில் வீடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். உடன் வேலை பார்த்த டீச்சரின் தங்கை மதுரையில் நர்ஸாக இருந்தாள். அவள் சொல்லித்தான் இப்படி ஒரு ஆபரேஷன் இருப்பதே எனக்குத் தெரியும்.

"எடை குறையறதுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ற டாக்டர் மாசம் ஒருக்க அங்க வாராராமே, அவரைப் பாக்கணும்" என்றேன்.

எதிர்முனையில் இருந்த பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வகுப்பறைக் குரலில் இன்னொரு முறை சொன்னேன். பெஞ்சில் இருந்தவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடக்கி மடியில் வைத்தார்.

"பேஷண்ட் எவ்வளவு எடை இருக்காங்க?"

"பேஷண்ட் நான்தாம்மா. எடை தெரியாது."

"பாத்துட்டு வாங்க. சுகர், பிரஷர் எல்லாம் பாத்துக்கிட்டு வாங்க. எடை குறைய இதுவரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு டாக்டர் கேப்பார். ஞாபகப்படுத்தி வச்சுக்கோங்க. வீட்டு ஆம்பளை ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க."

"ஆம்பளை எதுக்கு?"

"கையெழுத்துப் போடணும்ல."

வெளியே வந்தபோது பூத்காரர் தணிந்த குரலில், "வயித்தக் கிழிச்சா டீச்சர் எடை கொறைப்பாவ?" என்று கேட்டார்.

"கிழிச்சுத் தச்சும் விடுவாவ" என்றேன்.

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியட்டும் என்றுதான் இருந்தேன். என் உடம்பு ஒளித்துவைக்கிற அளவில் இல்லை. அதைப் பற்றிய பேச்சை மட்டும் எதற்கு ஒளிக்க வேண்டும்?

அழகுக்காக நான் கிளம்பவில்லை. அந்த வருஷம் எனக்கு மூச்சுக் கோளாறு வந்திருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். என் கணவர் மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எத்தனை தடவை நின்றது என்று காலையில் சொல்வார். பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நின்றவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கி விழப் பார்த்தேன். சர்க்கரையும் வந்துவிட்டது.

உள்ளூர் டாக்டரிடம் போனேன். அவருடைய மெஷினில் ஏறி நின்றதும் முள் கடைசி எண்ணைத் தாண்டிப் போய் முட்டி நின்றது. பிரஷர் பார்க்கிற பட்டை என் கையைச் சுற்றி வரவில்லை. கையைத்தான் தப்பு சொன்னார், பட்டையை அல்ல. மதுரை விஷயத்தைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வாயைக் கட்டும்மா. அது போதும். வயித்த அறுக்கிறதுக்கெல்லாம் நான் லெட்டர் தரமாட்டேன்."

"லெட்டர் வேண்டாம் சார். சுகர் டெஸ்டுக்கு மட்டும் எழுதிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மதினியும் சோழபுரத்திலிருந்து வந்தார்கள். அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று விவசாயம் பார்க்கிறவன். வந்த வேகத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏட்டி, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? தின்னுபுட்டு உக்காந்திருந்தா எடை ஏறத்தான் செய்யும். எங்க பட்டாளத்துல ஓடவிட்டா ஒரே மாசத்துல வத்திரும்."

"ஒனக்குக் குடலிறக்கம் வந்தப்ப ஏன் ஓடல அண்ணே? ஆபரேஷன்தான பண்ணுன?"

"அது சீக்கு."

"இதுவும் சீக்குதான்."

மதினி இடையில் புகுந்தாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். "நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேந்துக்கோங்க. புரட்டாசிச் சனிக்கிழமை பூராவும் மலையேறுதேன்னு சொல்லுங்க. ஏறுதது ஒடம்புக்கும் நல்லதுதான."

"பெருமாளைப் பாக்க ஏறுவேன் மதினி. என் எடையைப் பத்தி அவர்ட்டப் பேசமாட்டேன்."

அண்ணன் எழுந்துகொண்டான். "அறுத்துக்கிட்டுக் கெடந்தா நான் பாக்க வரமாட்டேன்" என்றான்.

"வராட்டிப் போ" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அழவில்லை. காப்பி போட்டு எடுத்து வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். இரண்டு தம்ளரையும் நானும் என் கணவரும் குடித்தோம். சர்க்கரை போடாதது ஒன்று, போட்டது ஒன்று. போட்டதை அவரிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் போனில் ஆஸ்பத்திரிப் பெண் சொன்ன கேள்விக்குப் பதில் தேட உட்கார்ந்தேன். இதுவரை என்னென்ன செய்தேன்? என் கணவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் தரையில் காலை நீட்டி, நினைவு வந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போனேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, அம்மா என் சோற்றைப் பாதியாக்கினாள். மூன்று மாதம் ஒரு வேளைதான் சாப்பாடு. இளைத்தேன். பெண் பார்க்க வந்த ஒருவர், "பொண்ணு உள்ள வந்தா நாங்க எல்லாரும் எந்திரிச்சு வெளிய போகணும் போலிருக்கே" என்றார். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள், காப்பித் தட்டோடு நின்ற என்னைத் தவிர. அதன் பிறகு கொள்ளுத் தண்ணீர். வெறும் வயிற்றில் எலுமிச்சையும் தேனும். தென்காசிப் பக்கம் ஒரு வைத்தியரின் பொடி. அதைத் தின்று வயிற்றுப்போக்கில் படுத்த படுக்கையானேன். கல்யாணத்துக்கு அப்புறம் அரிசியையே விட்டு இரண்டு வருஷம் கேப்பைக் கூழ். இடுப்பில் கட்டிக்கொண்டு வேர்க்கிற ரப்பர் பெல்ட்; தோல் வெந்து புண்ணானது. விடியுமுன் எழுந்து அய்யனார் கோவில் ரோட்டில் நடந்தேன். அவர் சைக்கிளில் மெதுவாகப் பின்னால் வருவார். ஒவ்வொரு தடவையும் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் போன எடை தன்னோடு இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது.

சொல்லச் சொல்ல எனக்கே கோபம் ஏறியது. பதினைந்து வருஷத்துக்கு மேல் பசியோடு இருந்திருக்கிறேன். பசியோடு பாடம் நடத்தியிருக்கிறேன், பசியோடு பஸ் ஏறியிருக்கிறேன், ஊருக்கெல்லாம் கல்யாணப் பந்தி பரிமாறிவிட்டுப் பசியோடு வீடு திரும்பியிருக்கிறேன். இவ்வளவு பாடு பட்ட ஒருத்தியையா சோம்பேறி என்றார்கள்? நானும் அதை நம்பினேனே!

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இம்புட்டையும் நீ எங்கிட்டச் சொன்னதே இல்லியேட்டி."

"நீங்களும் கேட்டதில்லையே."

அடுத்தது எடை. ஊரில் எந்த டாக்டரிடமும் என்னைத் தாங்கும் மெஷின் இல்லை. மில்லுக்குப் பஞ்சு சேர்த்துவைக்கிற கிட்டங்கியில், பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை நிறுக்கப் பெரிய தராசு உண்டு. அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

"ஆளுக எல்லாம் போன பொறவு போவோம். நான் சொல்லி வைக்கேன்" என்றார்.

"எதுக்கு? பகல்லயே போவோம்."

"அங்க இருக்கவன் எவனாச்சும் ஏதாவது சொல்லிட்டாம்னா?"

"சொல்லட்டும். எனக்குக் காது கேக்கும், வாயும் இருக்கு."

சனிக்கிழமை காலை, லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் போனோம். தராசுக்காரர் வயதானவர். என்னைப் பார்த்துவிட்டு, தராசைப் பார்த்துவிட்டு, என் கணவரைப் பார்த்தார். நான் பையையும் குடையையும் கணவரிடம் கொடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புப் பலகையில் ஏறி நின்றேன். சுற்றிலும் வேலை நின்றது. பஞ்சு மட்டும் காற்றில் பறந்துகொண்டிருந்தது.

தராசுக்காரர் கம்பியில் எடைக்குண்டை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார். கம்பி சமமாக நின்றதும் என் கணவரின் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, நிக்கது நானு. எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"நூத்தி முப்பத்தெட்டு டீச்சர்."

நூற்றி இருபதுக்கு மேல் இருக்கும் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது.

லாரியின் மேலிருந்து ஒருவன், "பேலுக்குக் கொஞ்சந்தான் கொறச்சல்!" என்றான். சிரிப்பு எழுந்தது. என் கணவர் லாரியை நோக்கி ஒரு அடி வைத்தார். நான் பலகையிலிருந்து இறங்கவில்லை.

"பேல நாலு பேரு சேந்து தூக்குதீய. நான் நடந்துல்ல வந்தேன்!"

இப்போது எழுந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. லாரிமேல் இருந்தவன் தலையைச் சொறிந்துகொண்டான். நாங்கள் கிளம்பும்போது பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி பின்னாலேயே வந்து, எந்த ஆஸ்பத்திரி, எப்போது டாக்டர் வருவார் என்று மெல்லக் கேட்டாள். அவள் அக்காவும் என்னைப் போல என்றாள். வெளியில் வருவதையே விட்டுவிட்டாளாம். நான் எல்லா விவரமும் சொன்னேன்.

கறுப்பில் பொடிப்பூ போட்ட புடவை கட்டினால் உடம்பு தெரியாது என்று மதினி எப்போதும் சொல்வாள். மதுரைக்குப் போகிற அன்று சிவப்புப் புள்ளி வைத்த மஞ்சள் சுங்குடியைக் கட்டினேன். எடையைக் காட்டத்தானே போகிறேன்.

பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நீ செத்துப்போயிட்டேன்னா நான் என்ன செய்வேன்?" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. "அதையும் டாக்டர்ட்டயே கேட்டுருவோம்" என்றேன்.

டாக்டரின் அறையில் கை வைத்த நாற்காலிகள்தான் இருந்தன. கதவருகிலேயே நின்று, கையில்லாத நாற்காலி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். வார்டிலிருந்து பெஞ்சு ஒன்றைத் தூக்கி வந்தார்கள். டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், மெலிந்த ஆள். என் கணவரைப் பார்த்து, "உங்க மிஸஸுக்கு எவ்வளவு நாளா இந்தப் பிரச்சினை?" என்று ஆரம்பித்தார்.

"சார், எங்கிட்டக் கேளுங்க. வயிறு என்னோடது" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "சரிம்மா. சொல்லுங்க."

சொன்னேன். கொள்ளுத் தண்ணீரிலிருந்து ரப்பர் பெல்ட் வரைக்கும். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "இந்த ஆபரேஷன் உங்களுக்கு எதுக்காக வேணும்?" என்றார்.

"தூங்கணும் சார். பொறவு, வயசாகிச் சாகணும்."

அவர் தலையாட்டினார். இப்போது என் முறை.

"எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

"அதிகம் இல்லை. நம்ம நாட்டுல இது புதுசு. கைவிரல்ல எண்ணிடலாம்."

"யாராவது இறந்திருக்காங்களா?"

"ஒருத்தர். நுரையீரல்ல ரத்தம் கட்டிப்போச்சு."

என் கணவரின் கை பெஞ்சில் என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த டாக்டரை அந்த நிமிஷத்தில்தான் பிடித்தது. வயிற்றை எப்படிச் சின்னதாக்குவார், எவ்வளவு நீளம் கிழிப்பார், அப்புறம் என்ன சாப்பிடலாம், திரும்பவும் எடை ஏறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏறலாம் என்றார். முதல் மாதங்களில் வாந்தி வரும் என்றார். எதையும் தேன் தடவிச் சொல்லவில்லை. இப்போதே செய்ய முடியாது, சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், நெஞ்சு டாக்டர் மூச்சைப் பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். என் கணவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்ததைப் பார்த்து, "இன்னைக்குக் கையெழுத்து எதுவும் வேண்டாம். யோசிங்க. வேண்டாம்னு தோணினா வரவும் வேண்டாம்" என்றார்.

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன். ஆனாலும் இன்னொரு தடவை யோசிக்கேன்" என்றேன்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். அடுத்த கோடை விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. தாளில் முதலில் என் கையெழுத்து, அதற்குக் கீழே அவருடையது. அண்ணன் சொன்னபடியே வரவில்லை. மதினி வந்தாள், அவனிடம் சொல்லாமல் பஸ் ஏறி. வாந்தி எடுத்தேன். முடி கொட்டியது. இரண்டு இட்லி தின்ன அரைமணி நேரம் ஆனது. நாற்பது கிலோவுக்கு மேல் குறைந்து, பின்னால் கொஞ்சம் திரும்பவும் ஏறியது. இப்போதும் நான் குண்டுதான். ஆனால் தூங்குகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்தில், தூரத்து உறவில் சித்தி முறையுள்ள ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "மொகமே வத்திப்போச்சேட்டி. முந்தி எம்புட்டு லட்சணமா இருந்த! என்னத்துக்குப் போய் வயித்த அறுத்துக்கிட்ட?"

"அப்பவே ஒருநாளாச்சும் அதச் சொல்லியிருக்கலாமே சித்தி" என்றேன்.

அவள் என் கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.