குளிரில்தான் வைத்திருந்தோம்

அவர் எடுத்த வாந்தியில் பீன்ஸ் இருந்தது. அன்று நான் பீன்ஸ் சமைக்கவில்லை. முந்தின நாள் மதியம் செய்த பொரியல் அது. மென்று விழுங்கிய துண்டுகள் ஒரு நாள் முழுக்க உள்ளே இருந்துவிட்டு, அப்படியே வெளியே வந்திருந்தன.

பக்கெட்டைக் கழுவிக்கொண்டே, "ஏனுங்க, நேத்துத் தின்னது இன்னைக்கு வருதுங்க" என்றேன். "அப்ப இன்னைக்குத் தின்னது நாளைக்கு வரும், போ" என்றார் என் கணவர். இருவரும் சிரித்தோம். அது மார்ச் மாதம். அதுதான் முதல் அறிகுறி என்று எங்களுக்குத் தெரியாது.

வாரம் ஒரு முறை போடும் சர்க்கரை ஊசியை (உடல் எடையும் குறைகிறது என்று இப்போது பலரும் கேட்டு வாங்கும் ஊசி) எடுத்துக்கொள்கிறவர்களுக்கும், அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஊசி கெட்டது என்று சொல்ல வரவில்லை. டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்திவிடவும் வேண்டாம். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை, எனக்குத் தெரியவந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் கணவர் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் சுவை பார்ப்பவர். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒன்றாகச் சேர்த்து விற்கும் தேயிலை மூட்டைகள்) ஒரு கோப்பை வைத்திருப்பார்கள். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். வீட்டில் என் காபியையும் அப்படித்தான் உறிஞ்சுவார். கல்யாணமான புதிதில், விருந்துக்குப் போன வீடுகளில், எனக்கு மானம் போகும்.

சர்க்கரை அவருக்குப் பன்னிரண்டு வருடமாக இருந்தது. தொப்பையும் கூடவே வளர்ந்தது. தேயிலை விலை படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. ஏலத்தில் பாதி லாட்டுகள் கேட்பாரில்லாமல் திரும்பின. எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சரிவில், பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று கைவிட்ட தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. அவர் அலுவலகத்தில் சுவை பார்க்க மூன்று பேர். இனி ஒருவர் போதும் என்ற பேச்சு தொடங்கியிருந்தது.

கோயம்புத்தூரில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா அக்டோபரில் ஊசியைத் தொடங்கினார். பேனா போல இருக்கும். சிறிய அளவில் ஆரம்பித்து, உடம்பு பழகப் பழகக் கூட்ட வேண்டும். டிசம்பருக்குள் பெல்ட்டில் இரண்டு புதிய ஓட்டை போட்டுக்கொண்டார். சர்க்கரை இறங்கியது. "டீ மண்ணு மாதிரி இருக்குது" என்றும் ஒரு நாள் சொன்னார். என் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்கிறார் என்று நான் முறைத்துக்கொண்டு போய்விட்டேன்.

அடிக்கடி மலை இறங்க முடியாது என்பதால் டிசம்பரில் மூன்று மாத ஊசியைச் சேர்த்து வாங்கினோம். மருந்துக்கடைக்காரர் ஐஸ் பொட்டலத்தோடு கட்டிக் கொடுத்து, "குளிர்லயே வைங்க" என்றார்.

எங்கள் வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் கிடையாது. கேத்திப் பள்ளத்தில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் கிடையாது. சமையலறை வடக்குச் சன்னலுக்கு வெளியே, வெயில் படாத பக்கமாக, கம்பி வலை அடித்த மரப்பெட்டி ஒன்று இருக்கும். பால், தயிர், மீந்த குழம்பு, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அதில்தான். கீழே இருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்டால், "ஊரே ஃப்ரிட்ஜ்தானுங்க" என்பேன். நான் பொள்ளாச்சிக்காரி. மலைக்கு வாக்கப்பட்டு வந்து, மலைக்காரியாகவே ஆகிவிட்டேன் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை. ஊசிப் பெட்டிகளைப் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஜனவரியில் அவருக்குப் பசி திரும்பியது. எடை இறங்குவது நின்றது. பிப்ரவரிக் கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறியிருந்தது.

"வாரா வாரம் தவறாம போடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"போடுறேங்க" என்றார் அவர்.

"குளிர்லதானே வச்சிருக்கீங்க?"

நான்தான் முந்திக்கொண்டேன். "எந்நேரமும் குளிர்லதாங்க டாக்டர். எங்க ஊர்ல அதுக்கென்னங்க பஞ்சம்."

டாக்டரம்மாவும் சிரித்தார். மருந்து போதவில்லை என்று அளவை மேல்படிக்கு உயர்த்தி எழுதினார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்தேன். போகிற வழியில் புதிய அளவு ஊசியை வாங்கிக்கொண்டு மலை ஏறினோம்.

மூன்றாவது வாரம்தான் அந்தப் பீன்ஸ். அதற்குப் பிறகு நான்கு நாள் எது கொடுத்தாலும் வந்தது. பிறகு தண்ணீரும் வந்தது. நாக்கு காய்ந்து, பேச்சு குழறி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இரவு முழுக்கப் பட்டினி போட்டு, காலையில் எண்டோஸ்கோபி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) செய்தார்கள். அப்போதும் இரைப்பை நிறையச் சோறு இருந்தது. 'கேஸ்ட்ரோபரேசிஸ்' என்றார்கள் (இரைப்பைத் தசைகளின் அசைவு குறைந்து, உணவு கீழே இறங்காமல் தங்கிவிடுவது). ஊசியை நிறுத்தினார்கள்.

"ஊசியாலயாங்க?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். பல வருஷச் சர்க்கரையாலயும் வரும். ஊசி தூண்டி விட்டிருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா.

ஐந்து வாரம் மூக்கு வழியாகக் குழாய். இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல் வரை இறக்கியிருந்தார்கள். மாவுக்கஞ்சி போன்ற ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கும். அவர் அதை வாயால் ருசிக்கவே இல்லை. நான் அழுதேனா என்று பலர் கேட்டார்கள். இல்லை. குழாயைக் கழுவினேன், பையை மாற்றினேன், எதிர்ப் படுக்கைக்காரர் மனைவிக்கு ஊட்டிக்கு எந்த மாதம் வரலாம் என்று விளக்கமாகச் சொன்னேன். உள்ளே எதுவும் அசையவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் அப்படி இருந்தால், உங்களுக்குப் பாசம் இல்லை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அவர் குழாயோடு கிடந்தபோது அலுவலகத்தில் அந்த ஒருவர் யார் என்று முடிவானது. இவர் இல்லை.

திருப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் கவிதாதான் வழக்கு என்ற பேச்சை எடுத்தாள். வெளிநாட்டில் இந்த மாதிரி ஊசிகளின் பக்கவிளைவுக்காக நிறையப் பேர் கம்பெனிகள் மேல் நஷ்டஈடு கேட்டிருக்கிறார்கள் என்று போனில் படித்துக் காட்டினாள். "அப்பா வேலையும் போச்சு, வயிறும் போச்சு. சும்மா விடச் சொல்றீங்களா?" என்றாள். எனக்கும் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஊட்டியில் ஒரு வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பினோம்.

கம்பெனியின் பதில் மரியாதையாகத்தான் வந்தது. கேள்விகள் கேட்டிருந்தார்கள். வக்கீல் அலுவலகத்துக்கு நான் மட்டும் போயிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி, பதிலை எழுதிக்கொண்டு வந்தார். ஆறாவதோ ஏழாவதோ, மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள், எப்போதாவது உறைந்துபோனதா என்று இருந்தது. உறைந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

எனக்கு ஒரு ஜனவரிக் காலை நினைவுக்கு வந்தது. புல்லெல்லாம் உப்பு தூவினதுபோல் வெள்ளையாக இருந்தது. வலைப்பெட்டியைத் திறந்தால் பால் கல்லாக உறைந்திருந்தது. பாத்திரத்தை அடுப்பருகே வைத்து இளக்கிக் காபி போட்டேன். வருடா வருடம் நடப்பதுதான். பக்கத்தில் இருந்த ஊசிப் பெட்டியை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வக்கீல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜ்ல வச்சோம்னு எழுதிக்கலாங்கம்மா. யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

அடுத்த பரிசோதனையில், அவரை எடை பார்க்கக் கூட்டிப்போன நேரத்தில், டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"உறைஞ்சா மருந்தோட வீரியம் போயிரும். விஷமாகாது" என்றார்.

"அப்ப அதனால இல்லைங்களா?"

"அதுல ரெண்டு மாசம் அவருக்கு மருந்தே போகாத மாதிரிதான். பழகின உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. நான் மருந்து பத்தலைன்னு நெனச்சு அளவைக் கூட்டிட்டேன். புது ஊசி முழு வீரியத்தோட இறங்கியிருக்கும். அதான் காரணம்னும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஒழுங்கா வச்சவங்களுக்கும் இப்படி வந்திருக்கு." பிறகு, "குளிர்னா எவ்வளவு குளிர்னு நானும் கேட்டிருக்கணும்" என்றார்.

பத்து நாள் அதை நான் மட்டும் வைத்திருந்தேன். பொய் எழுதினால் வழக்கு பிழைக்கும், அவருக்கும் தெரியாமல் போகும். உண்மையை எழுதினால், என்னைத் தின்ன வைத்து அழகு பார்த்த மனிதரைப் பட்டினி போட்டவள் நான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அவர் திட்டமாட்டார் என்பதுதான் பெரிய பயம்.

பதினோராவது நாள் மதியம், மோரில் குழையக் கரைத்த அரை இட்லியை அவர் முன் வைத்துவிட்டு, "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டு முடித்தார்.

"தெரியும் சாந்தி" என்றார்.

"என்னங்க தெரியும்?"

"ஜனவரியிலயே தெரியும். பேனாவை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். துகள் துகளா மிதந்துச்சு. நாள் முழுக்கக் கோப்பையில நெறம் பாக்கறவனுக்கு, கெட்டது தெரியாம போயிருமா?"

"அப்புறம் ஏனுங்க போட்டீங்க?"

ஊசி தொடங்கியதிலிருந்து அவருக்குத் தேயிலைகளுக்குள் வித்தியாசமே தெரியவில்லையாம். பக்கத்து மேசைக்காரர் குறித்ததை ஓரக்கண்ணால் பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆளைக் குறைக்கப் போகிற நேரம் அது. ஜனவரியில் ஊசி கெட்டதும் நாக்கு திரும்பி வந்தது.

"கெட்டதே நல்லதுன்னு இருந்துட்டேன். டாக்டரம்மா கேட்டப்ப நீ பெருமையா சொல்லீட்டிருந்தே. நான் வாயைத் தொறந்திருக்கோணும்."

"புது ஊசியைப் போடாம இருந்திருக்கலாமில்லீங்க?"

"சர்க்கரை ஏறிப்போச்சேன்னு பயமாயிருச்சு. பேனா தெளிவா இருந்துச்சு. போட்டுக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். அழுகையாவது வரும் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். தண்ணீர் ஐஸாக இருந்தது, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அந்த வாரமே இருவரும் ஊட்டி போனோம். கேள்விக்கு நேரே, "வடக்குச் சன்னலுக்கு வெளியே, கம்பி வலைப் பெட்டியில். உறைபனி விழுந்த நாட்களிலும்" என்று நானே எழுதினேன். அவர் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே, "மருந்து கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்படி எழுதினா வழக்கு நிக்காதுங்க" என்றார் வக்கீல்.

"நிக்கலைன்னா உக்காரட்டுங்க" என்றார் இவர்.

வக்கீல் தாளைத் திரும்பவும் படித்தார். எச்சரிக்கை பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததைப் பிடித்து முட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். வழக்கு இன்னும் வரிசையில் நிற்கிறது. கவிதாவுக்கு எங்கள் இருவர் மேலும் வருத்தம். ஒரு மாதம் போன் பண்ணவில்லை. பிறகு ஒரு ஃப்ரிட்ஜ் அனுப்பி வைத்தாள்.

ஊசி வைத்திருப்பவர்கள், குளிர் என்றால் எவ்வளவு குளிர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவருக்கு இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. எட்டு மணி இட்லி மதியம் வரை அவருக்குள் இருக்கிறது. "எறங்கிருச்சுங்களா?" என்பதுதான் எங்கள் வீட்டில் மணி கேட்பது. நேற்றும் இன்றும் எனக்கு முன்போலத் தனித்தனியாக இல்லை. என் வயிற்றையும் நான் இப்போது கவனிக்கிறேன். தின்றது எங்கே போகிறது என்று இத்தனை வருடம் ஒரு நாளும் நினைத்ததில்லை.

நேற்று மதியம் எனக்கு மட்டும் பீன்ஸ் பொரியல் செய்திருந்தேன். நார் உள்ளது எதுவும் அவருக்கு ஆகாது. என் தட்டிலிருந்து ஒரே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி நெடுநேரம் மென்றார். துப்பிவிடுவார் என்று நினைத்தேன். விழுங்கிவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று பத்து.

பக்கெட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இன்று ஒன்று பத்து தாண்டிவிட்டது. வரவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன், கழுவ அதில் எதுவும் இல்லை, அங்கே நின்றுதான் நான் அழுதேன்.