மிச்சம் சாரின் மசாஜ் நாற்காலி

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஹோட்டல் சலவைப் பிரிவில் யாருக்கும் நினைவில்லை. அங்கே இருபது வருடமாக அவர் மேற்பார்வையாளர். விருந்தாளிகள் அறையில் விட்டுப்போன பாதிச் சோப்பு, ஒற்றைக் காலுறை எதுவானாலும், "மிச்சம்தானே" என்று பைக்குள் போட்டுக்கொள்வார். அதனால் மிச்சம் சார். ஒற்றைக் காலுறையை வைத்து என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். இன்னொரு ஒற்றைக்காகக் காத்திருப்பார்.

இந்த மனிதருக்கும் ஒரு மனைவி வாய்த்தாள். அவளுக்கு உயிரான ஒரே தம்பி, கொத்தனார்.

மாடிக் குளியலறையில் குழாய் வெடித்து, சமையலறைக் கூரைப் பூச்சு அடுப்பின்மேல் இடிந்து விழுந்தது. வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. கம்பெனி ஆள் வந்து அளந்துபார்த்து, மதிப்பிட்ட தொகையில் பாதியை உடனே தர ஏற்பாடு செய்தார். வேலை முடிந்து கொத்தனார் கையெழுத்திட்ட கூலிச் சீட்டைக் காட்டினால் மறுபாதி. ஆனால் மிச்சம் சார் மைத்துனனிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னது வேறு.

"கம்பெனி கையை விரிச்சிட்டாங்க மச்சான். உன் அக்கா எங்க நின்னு சமைப்பா, சொல்லு?"

"விடுங்க மாமா. நான் எதுக்கு இருக்கேன்?"

எட்டு நாள். பகலெல்லாம் வேறிடத்தில் உழைத்துவிட்டு, சாயங்காலம் வந்து, தலைக்குமேல் கையைத் தூக்கியபடியே பூசினான் அந்தத் தம்பி. கண்ணில் சிமெண்ட் தெறித்துச் சிவந்தபோது, அக்கா தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே அழுதாள். அந்த நேரத்தில் கூடத்தில், புதிதாக வந்திறங்கிய மசாஜ் நாற்காலியில் கண்ணை மூடி அதிர்ந்துகொண்டிருந்தார் மிச்சம் சார்.

"ஹோட்டல்ல வேண்டாம்னு கழிச்சது" என்றார், பல் தடதடக்க.

சிமெண்டும் மணலும் வாங்கியது போகக் கையில் நின்ற பணம்தான் அந்த நாற்காலிக்கு முன்பணம். செலவு இவ்வளவுதான் ஆயிற்று என்று கம்பெனியிடம் சொல்லியிருக்கலாம். அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்தாவது கூலியைக் கொடுத்திருக்கலாம். அதற்கெல்லாம் நெஞ்சு என்று ஒன்று வேண்டும். இவருக்கு அந்த இடத்தில் பைதான் இருந்தது. நாற்காலிக்கோ இன்னும் பாதிப் பணம் பாக்கி. கம்பெனியின் மறுபாதி வந்தால்தான் அது வீட்டில் தங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனனை வரவழைத்தார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி மடித்த ஒரு தாளை நீட்டினார்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மச்சான். இங்க போடு."

கொத்தனார் தாளைப் பிரித்தான். கட்டிட வரைபடத்தையே கோடு கோடாகப் படிக்கிறவன். உரக்கப் படித்தான்:

"இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு: எட்டு நாள் வேலைக்கான கூலி முழுவதையும் பெற்றுக்கொண்டேன்."

சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"கம்பெனி கையை விரிச்சிட்டாங்கன்னு சொன்னீங்க?"

"அது... செலவு போக ஏதோ மிச்சம். நம்ம வீட்டுக்குத்தானேடி!"

"அவன் கண்ணு ரெண்டும் வெந்துச்சே, அது யார் வீட்டுக்கு?"

தம்பி தாளைச் சுவரில் வைத்து அழுத்தினான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். 'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல்லின் வாலை மட்டும் அடித்துவிட்டு, 'பெற்றுக்கொண்டார்' என்று திருத்தினான். முன்னால் 'மாமா' என்று சேர்த்தான். கீழே கையெழுத்தைப் பெரிதாகப் போட்டான்.

"இந்தாங்க மாமா. உள்ளதுக்குக் கையெழுத்துப் போட எனக்கென்ன?"

"டேய், இதை எப்படிடா நான் அனுப்புறது?"

"நீங்க ஏன் அனுப்பணும்? நான் அனுப்புறேன்" என்றாள் மனைவி. தாளை வாங்கிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து புதுக் கவர் ஒன்றை எடுத்து, கம்பெனி விலாசத்தை எழுதத் தொடங்கினாள்.

நாற்காலி கையை விட்டுப் போகிறது. மைத்துனன் முகத்தில் இனி விழிக்க முடியாது. அந்த நிலையிலும் பாவி மனிதரின் வாய் பழக்கத்தில் திறந்தது.

"புதுக் கவர் எதுக்கு? பழசு மிச்சம் இருக்கே."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருக்கட்டும். உங்களுக்குன்னு ஏதாவது மிச்சம் இருக்க வேணாமா?" என்று சொல்லி, கவரை ஒட்டிக்கொண்டு, தம்பியோடு தெருவில் இறங்கினாள்.