சிமெண்டில் செய்த யாளி

வெள்ளிமலை போகும் சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். புருவமெல்லாம் சிமெண்ட் தூள், சட்டைப் பையில் பழைய டூத் பிரஷ். யாளியின் எலும்புக்கூடு பாறைக்குள் புதைந்து கிடப்பதுபோல் சிமெண்டில் செய்து, சுற்றுலா விடுதிகளுக்கு அலங்காரமாகக் கொடுப்பவர். பழசாகத் தெரிய டீத்தண்ணீர் பூசுவாராம். பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் காயவைத்திருந்த ஒன்றை எடுத்து அனுப்ப வந்திருந்தார். அதற்குள் யாரோ அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் அம்மா காவலுக்கு நின்றார்.

"இது நான் செஞ்சதுங்க. உள்ள கோழிவலக் கம்பிதான் இருக்குது. சாயங்காலம் விடுதிக்காரரு வண்டி அனுப்புறாரு."

"இன்னா கம்பியோ, எம் பொண்ணுக்கு ஜுரம் வுட்டுது. நீ போயி வேற செய்யி."

அவர் என் பக்கம் திரும்பினார். "படிச்சவங்க, நீங்களாவது சொல்லுங்கம்மா."

படித்தவள்தான். ஆனால் என் இடுப்பில் இருந்த மகளுக்கு இரண்டு நாளாகச் சளி. "வேற ஒண்ணு செஞ்சிடுங்களேன்" என்று முணுமுணுத்தேன்.

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, யாளியின் பல்லிடுக்கில் அடைத்திருந்த குங்குமத்தைப் பிரஷ்ஷால் பொறுமையாக எடுத்தார். "வலப்பக்கம் ஒரு விலா எலும்பு கம்மியா வச்சிட்டேன்" என்றார் அந்த அம்மாவிடம்.

"சாமிக்கு எவன் எண்ணிக்கினு இருக்கான்?"

அவர் சிரித்தார். விசிலடித்தபடி, வெறுங்கையோடு பைக்கில் ஏறிப் போனார். பொருளைப் பறிகொடுத்தவருக்கு அப்படியென்ன சந்தோஷம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மகளின் சளி தானாகத்தான் போனது என்று தெரியும். இருந்தாலும் அந்த வழியாகப் போனால் கும்பிட்டுவிடுகிறேன்.